வீட்டுக்கு இறைச்சி அரைக்கும் மெஷின் வாங்குவதற்கு முன்

கோலாலம்பூரில் நம் வீடுகளில் இறைச்சி அரைக்கும் மெஷின் பற்றிய பேச்சு பெரும்பாலும் தீபாவளி நெருங்கும்போதுதான் எழும். கோலா உருண்டை, கட்லெட், சமோசா, கொத்துக்கறிப் பொரியல் என்று பட்டியல் நீளும். கடையில் அரைத்து வைத்திருப்பதை வாங்க மனம் ஒப்பாது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சௌகிட் பசாரோ, பூடு பசாரோ, சூப்பர்மார்க்கெட்டோ, ஒரே மெஷினில் மாட்டிறைச்சிக்குப் பிறகு ஆட்டிறைச்சி அரைபட்டால் மாடு சாப்பிடாத வீட்டுக்கு அது ஆகாது. முஸ்லிம் வீட்டில் அதே மெஷினைப் பற்றி வேறு கேள்வி எழும். அரைத்து வைத்த இறைச்சியில் எந்தப் பகுதி போயிருக்கிறது, எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எப்போது அரைத்தார்கள் என்பதும் பார்த்தால் தெரியாது. தொடை இறைச்சியைத் துண்டாக வாங்கி வந்து வீட்டில் அரைத்தால் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

ஆனால் எந்த மெஷின்? ஷாப்பியிலும் லசாடாவிலும் தேடினால் ஒரே பெயரில் இரண்டு வேறு சாதனங்கள் கலந்து வரும். ஒன்று, கிண்ணத்துக்குள் கத்தி சுற்றும் சாப்பர். இன்னொன்று, திருகு வைத்த மெஷின். மேலே போடும் துண்டைத் திருகு முன்னால் தள்ளும். அதன் முனையில் இருக்கும் கத்தி துளைத்தட்டோடு ஒட்டிச் சுழன்று வெட்டும். இறைச்சி இழையிழையாக வெளியே வரும். சாப்பர் மலிவு என்பதால் பலர் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். பிறகு, கொத்துக்கறி கேட்டால் களி வருகிறது என்று வருந்துகிறார்கள்.

சாப்பரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதற்கென்று வேலைகள் இருக்கின்றன. இறால், மீன், வெங்காயம், இஞ்சி பூண்டு, அவித்த இறைச்சியில் செய்யும் கட்லெட் இவற்றுக்கெல்லாம் சாப்பர்தான் சரி. 2 லிட்டர் கிண்ணம் என்று போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு தடவைக்கு 300 கிராம் போதும். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் கத்திக்குப் பக்கத்தில் இருப்பது பசையாகிவிடும், ஓரத்தில் ஒட்டியது துண்டாகவே நிற்கும். இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டு அமுக்கி, நடுவில் திறந்து கரண்டியால் கிளறிவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். இருவர் மூவர் மட்டும் இருக்கும் வீட்டில், வாரம் ஒரு தடவை அரைக் கிலோவுக்குள் அரைப்பவர்களுக்கு இதுவே போதும். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரு கிலோவுக்கு மேல் அரைக்கிறீர்கள், கொத்துக்கறி உதிரி உதிரியாக வேண்டும், பர்கர், கபாப், சாசேஜ் எல்லாம் செய்ய ஆசை என்றால் திருகு மெஷின்தான். இனிமேல் சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

கத்தியும் தட்டும்

இந்த மெஷினின் உயிர், நான்கு முனை கொண்ட சின்னக் கத்தியும் அதோடு உரசும் துளைத்தட்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இரண்டும் சமமாக ஒட்டவில்லை என்றால் இறைச்சி வெட்டுப்படாது, நசுங்கும். நசுங்கினால் கொழுப்பு தசையிலிருந்து தனித்து நிற்காமல் எல்லாவற்றின் மேலும் மெழுகுபோல் அப்பிக்கொள்ளும். சட்டியில் போட்டால் நீர் விட்டுக் கொதிக்கும், வறுபடாது. வாயில் வைத்தால் ரப்பர். கடையில் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பார்க்க விடுவார்கள் என்றால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

தட்டைக் கையில் எடுத்து அதன்மேல் கத்தியின் தட்டையான பக்கத்தை வைத்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தைப் பார்த்தபடி பிடியுங்கள். நான்கு முனையும் தட்டில் படிந்திருக்க வேண்டும். ஒரு முனைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். கத்தியின் ஓரம் கூராக, விரலால் தொட்டால் உறுத்துவதாக இருக்க வேண்டும். வட்டமாக மழுங்கி, தகட்டை அச்சில் அடித்து எடுத்தது போல இருந்தால் நல்ல வெட்டு வராது. தட்டு தடிமனாக இருப்பது நல்லது. மெல்லிய தட்டு இறைச்சியின் அழுத்தத்தில் நடுவில் வெளியே வளையும், அங்கே கத்திக்கும் தட்டுக்கும் இடைவெளி விழும்.

சிலர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் துருப்பிடிக்கும் இரும்பு என்று ஒதுக்குகிறார்கள். கத்திக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு கடினமாக்கப்படும் வகையைச் சேர்ந்தது, அதில் காந்தம் ஒட்டும். பாத்திரம் செய்யும் 304 வகையில்தான் பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் ஒட்டாத கத்தி என்றால் அது மென்மையான எஃகாக இருக்கவே வாய்ப்பு அதிகம், சீக்கிரம் மழுங்கும்.

அளவு எண்

தலைப்பகுதியில் 5, 8, 10, 12, 22, 32 என்று ஓர் எண் பதித்திருக்கும். அது தட்டின் விட்டத்தைக் குறிக்கும் தொழில்முறை எண். எண் 5-க்குத் தட்டு சுமார் 54 மி.மீ., எண் 8-க்கு சுமார் 62, எண் 12-க்கு சுமார் 70, எண் 22-க்கு சுமார் 82. வீட்டுக்கு எண் 8 நல்ல அளவு. கூட்டுக் குடும்பம், விசேஷத்துக்கு ஐந்தாறு கிலோ அரைப்பவர்கள் எண் 12-க்குப் போகலாம். எண் 22 சின்னக் கடைக்கானது. கோண்டோ சமையலறையில் அதை வைக்க இடமும் இருக்காது, தூக்கிக் கழுவ மனமும் வராது.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. பதித்த எண் இருந்தால் கத்தியும் தட்டும் பிற்காலத்தில் தனியாகக் கிடைக்கும். எண்ணே இல்லாமல், அந்தக் கம்பெனிக்கு மட்டும் பொருந்தும் அளவில் செய்த மெஷின்கள் நிறைய வருகின்றன. கத்தி இனித் தீட்ட முடியாமல் தேய்ந்த அன்றே அந்த மெஷினின் கதை முடிந்தது. எண் சரியாக இருந்தாலும் கத்தி உட்காரும் நடுத்துளை சதுரமா, ஆறு பக்கமா என்பதும், தட்டின் ஓரத்துப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் மாறும். உதிரி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வாட் என்னும் மாயை

பெட்டியின்மேல் 2000 வாட், 2800 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 300, 350, 500 என்று வேறோர் எண் இருக்கும். பெரிய எண், திருகு சிக்கி மோட்டார் சுழல முடியாமல் நின்றுவிடும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தைக் கணக்கிட்டுப் போடுவது. மோட்டார் தொடர்ந்து வேலை செய்யும் அளவு அடியில் இருக்கும் சின்ன எண். எண் 8 மெஷினுக்கு அந்தச் சின்ன எண் 350-இலிருந்து 500-க்குள் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதே தகட்டில் KB என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 5 நிமிடம், 10 நிமிடம் என்றும் இருந்தால் கவனியுங்கள். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், பிறகு மோட்டார் ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மூன்று கிலோவை ஒரே மூச்சில் அரைத்து மோட்டாரைக் கருக்குவது இதைப் பார்க்காததால்தான்.

மோட்டாருக்கும் திருகுக்கும் இடையில் பல்சக்கரங்கள் உண்டு. அதில் ஒன்று நைலானாக இருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். அது தேவையில்லை. எலும்போ நரம்போ சிக்கும்போது அந்த நைலான் சக்கரம் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றட்டும் என்றே சில மெஷின்களில் அப்படி அமைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்பது. கிடைக்கும் என்றால் மெஷினோடு சேர்த்தே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மாடலே சந்தையில் இருக்காது. திருகைப் பின்பக்கம் சுழற்றும் ரிவர்ஸ் பொத்தான் கட்டாயம் வேண்டும். அது இல்லாத மெஷினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு 230–240 வோல்ட், மூன்று முனை பிளக். சிரிம் (SIRIM) தரச்சான்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினாகப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் இரண்டு முனை பிளக்கை அடாப்டரில் செருகி, ஈரக் கையோடு, உலோக உடம்பு கொண்ட மெஷினைப் பிடித்து வேலை செய்வது விளையாட்டல்ல. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் 110 வோல்ட் மெஷினும் இங்கே உதவாது.

உடம்பு எதனால் ஆனது

தலைப்பகுதியும் திருகும் மூன்று வகையில் வரும். துருப்பிடிக்காத எஃகு சிறந்தது, விலையும் அதிகம். அலுமினியம்தான் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது. வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பு பழைய கைமெஷின்களில் இருக்கும். வெளிப்பெட்டி பளபளவென்று எஃகாக இருக்கும், உள்ளே இறைச்சி தொடும் திருகு அலுமினியமாக இருக்கும். விற்பவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் வெளிப்பெட்டியைக் காட்டுவார். திருகு எதனால் ஆனது என்று தனியாகக் கேளுங்கள்.

அலுமினியத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே பிழைப்பு நடத்தலாம், ஒரு நிபந்தனையோடு: டிஷ்வாஷரில் போடக் கூடாது. அந்தச் சோப்பின் காரம் அலுமினியத்தைத் தின்று கறுக்க வைக்கும். பிறகு தொட்டால் விரலில் சாம்பல்நிறத் தூள் ஒட்டும், அடுத்த முறை இறைச்சியிலும் அதுதான் ஒட்டும். புளி, எலுமிச்சை போட்டு ஊறவைத்துத் தேய்ப்பதும் ஆகாது.

கைமெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் மேடையை அளந்துகொள்ளுங்கள். பழைய டெரஸ் வீடுகளில் சமையல் மேடை கான்கிரீட் போட்டு மேலே டைல்ஸ் ஒட்டியது. அதன் தடிமனுக்குக் கைமெஷினின் கவ்வி பல நேரம் வாய் திறக்காது, திறந்தாலும் இறுக்கும்போது ஓரத்து டைல்ஸ் விரியும். கெட்டியான மரமேசை இருந்தால் வார்ப்பிரும்புக் கைமெஷின் அருமையான சாதனம். மெதுவாகச் சுழல்வதால் இறைச்சி சூடேறாது, இரவு எந்நேரம் அரைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்த பிளாஸ்டிக் கைமெஷின் கோழி நெஞ்சுக்கறிக்குத் தாங்கும், ஆட்டிறைச்சிக்குத் தாங்காது. நரம்பு சிக்கும் நொடியில் மெஷின் மேடையை விட்டுக் கிளம்பிவிடும்.

கேக் மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதே கம்பெனியின் உலோக இணைப்பை வாங்குவது நல்ல வழி. இணைப்புக்காகவே மிக்சர் வாங்குவது வீண்.

அரைப்பதற்கு முன்

இங்கேதான் நம் ஊரின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. குளிர்நாட்டுச் சமையலறையில் இறைச்சியைப் பிரிஜிலிருந்து எடுத்து நேராக அரைத்துவிடலாம். நம் சமையலறை பகலில் 30 டிகிரிக்கு மேல். இறைச்சியை நறுக்கி முடிப்பதற்குள் அதன் கொழுப்பு இளகத் தொடங்கிவிடும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் வெள்ளையாகப் பளபளக்கும் தசைச்சவ்வையும் நரம்பையும் சீவி எடுங்கள். ஆட்டுத் தொடையில் இது நிறைய இருக்கும், அலுப்பான வேலைதான், ஆனால் மெஷின் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சவ்வு கத்தியில் சுற்றிக்கொள்வதே. பிறகு இரண்டு, இரண்டரை செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி ஃப்ரீசரில் 30–40 நிமிடம். வெளியே விறைத்து, விரலால் அழுத்தினால் உள்ளே கொஞ்சம் அமுங்க வேண்டும், அதுதான் பதம். திருகு, கத்தி, தட்டு, தலைப்பகுதி இவற்றையும் நன்றாகத் துடைத்துக் காயவைத்து அதே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் கையில் ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் உறைந்த ஆட்டிறைச்சியை வாங்குபவர்கள் முதல் நாள் இரவே பிரிஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் காலையில் பாதி இளகியிருக்கும். அந்த நிலையில் நறுக்கினால் ஃப்ரீசரில் மறுபடி வைக்கவே தேவையில்லை. கல்லாக உறைந்த துண்டை மெஷினில் போடாதீர்கள். பல்சக்கரம் உடைவது பெரும்பாலும் அதில்தான்.

வெள்ளாட்டு இறைச்சி கொழுப்பு குறைந்தது. குழம்புக்குப் போகும் கொத்துக்கறிக்கு அது பிரச்சினை இல்லை. கபாப், பர்கர் என்றால் ஒரு கிலோவுக்கு 150–200 கிராம் கொழுப்பு சேரவில்லையென்றால் வறண்டு விரியும். கொழுப்பைத் தனியாக எடுத்துத் துண்டுபோட்டு, இறைச்சியைவிட நன்றாக விறைக்கவைத்து, இறைச்சியோடு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மெஷினைப் பூட்டும்போது அதிகம் நடக்கும் தவறு கத்தியைத் திருப்பிப் போடுவது. கத்தியின் தட்டையான, வெட்டும் ஓரம் தட்டைப் பார்த்து, அதாவது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். குவிந்த பக்கம் திருகைப் பார்க்க வேண்டும். தட்டின் ஓரத்துப் பள்ளம் தலைப்பகுதியில் இருக்கும் சின்ன முளையில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தட்டும் சேர்ந்து சுழலும். வளைய மூடியைக் கையால் முடிந்தவரை இறுக்கினால் போதும். ரெஞ்சு போட்டு இறுக்கினால் கத்தியும் தட்டும் உலோகத்தோடு உலோகம் தேயும்.

இறைச்சி இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் அதே காரணத்தால் கூடாது. இறைச்சியின் ஈரமும் கொழுப்பும்தான் அந்த உரசலுக்கு எண்ணெய். வெற்றாக ஓட்டினால் சாம்பல்நிறத் தூள் உதிரும். புது மெஷினில் தயாரிப்பின்போது பூசிய எண்ணெயும் இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்த பின், முதலில் வெட்டி ஒதுக்கிய இறைச்சித் துண்டுகளை ஒரு கைப்பிடி அரைத்து எறியுங்கள். வெளியே வருவது கறையில்லாமல் வரும்வரை இதைச் செய்யுங்கள்.

எந்தத் தட்டு எதற்கு

பெட்டியோடு வழக்கமாக மூன்று தட்டு வரும்: 3, 5, 8 மி.மீ. துளை அல்லது அதற்கு நெருங்கிய அளவு. கொத்துக்கறிப் பொரியல், கைமா, முர்தபாக் பூரணம் இவற்றுக்கு நடுத்தட்டில் ஒரே தடவை. கோலா உருண்டைக்கு முதலில் பெரிய துளையில் அரைத்து, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு 3 மி.மீ.-இல் இரண்டாவது தடவை. நேரடியாகச் சின்னத் துளையில் திணித்தால் இறைச்சி முன்னால் போக வழியில்லாமல் பின்னால் கசியும், சூடாகும். கோலாவுக்குப் பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் மசாலாவும் சேர்த்து இன்னும் நைசாக வேண்டுமென்றால் கடைசியில் சாப்பரில் இரண்டு சுற்று விடலாம்.

மசாலா விழுதைக் கலந்த பிறகு திருகு மெஷினில் போடாதீர்கள். நீர் திருகின் தண்டு வழியாகப் பின்பக்கம் போய் மோட்டார் பக்கம் இறங்கும். சில்லி அரைக்க, சம்பால் அரைக்க இந்த மெஷின் இல்லை. ஷாமி கபாப் மாதிரி பருப்போடு அவித்து அரைப்பதென்றால், நீரைச் சுத்தமாக வற்றவைத்து ஆறவிட்டுப் போடலாம், நன்றாக வரும். மசால் வடைக்கு ஊறிய கடலைப்பருப்பைக்கூட வடித்துவிட்டு நடுத்தட்டில் அரைக்கலாம். ஒன்றிரண்டாக, வடைக்கு வேண்டிய பதத்தில் விழும். சைவம் சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டிலும், புரட்டாசி விரத நாட்களிலும் அதைச் செய்ய வேண்டாம்.

மீன் தனி விஷயம். தெங்கிரியின் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து இதில் அரைத்தால் கட்லெட்டுக்கு ஆகும். மீன் உருண்டைக்கு வேண்டிய அந்தத் துள்ளல் வராது. அது, உப்பு சேர்த்து ஐஸோடு அடித்துப் பிசையும்போது சதையின் புரதம் இழுபட்டு வருவது. அதற்குச் சாப்பர்தான்.

எலும்பு வேண்டாம். கோழி எலும்பை அரைக்கும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். எண் 12-க்கு மேற்பட்ட, எஃகு உடம்பு மெஷினில் அது நடக்கலாம். வீட்டு மெஷினில் கத்தி ஓரம் பெயரும், பெயர்ந்த துணுக்கு இறைச்சிக்குள் போகும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

அமுக்குக் கட்டையால் துண்டுகளை வழிகாட்டினால் போதும். மேலே சாய்ந்து அழுத்த வேண்டியதில்லை. இழுப்பது திருகின் வேலை. விரலை உள்ளே விடாதீர்கள், கைமெஷினானாலும் சரி.

வெளியே வரும் இழையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரே சீராக விழுந்தால் எல்லாம் சரி. இளஞ்சிவப்பில் பசையாகி, தட்டின் முகத்தில் அப்பிக்கொண்டு விழாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். இறைச்சி சூடாகியிருக்கும், அல்லது கத்தியில் நரம்பு சுற்றியிருக்கும், அல்லது மூடி தளர்ந்திருக்கும். முதலில் மூடியைப் பாருங்கள். அரைக்க அரைக்க அது தளர்வது உண்டு. பிறகு பிளக்கைப் பிடுங்கி, திறந்து, கத்தியில் சுற்றிய நரம்பை உருவி எடுங்கள். இரண்டுமே இல்லையென்றால் மீதி இறைச்சி ஃப்ரீசருக்குப் போக வேண்டும். நடுத்துளைகளில் மட்டும் வந்து ஓரத்தில் வராவிட்டால் கத்தி முனை தேய்ந்திருக்கிறது.

மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் பொத்தானை உடனே விடுங்கள். அந்த நிலையில் சில விநாடி பிடித்திருந்தாலே சுருள் கருகத் தொடங்கும். முழுதாக நின்ற பிறகு பின்பக்கம் இரண்டு விநாடி சுழற்றி, மறுபடி முன்பக்கம். மறுபடி நின்றால் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே திசையை மாற்றினால் பல்சக்கரம் போகும்.

கழுவுவதும் காயவைப்பதும்

கடைசியில் ஒரு துண்டு ரொட்டியைக் கிழித்துப் போட்டால் திருகில் தங்கிய இறைச்சியை அது வெளியே தள்ளும். ரொட்டி தட்டில் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். உடனே கழற்றி, முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் இறைச்சியின் புரதம் வெந்து துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வெந்நீரும் சோப்பும். தட்டின் துளைகளுக்குப் பாட்டில் கழுவும் சின்ன பிரஷ் வேண்டும், பல்குச்சி ஒவ்வொரு துளையாகக் குத்தச் சொல்லும்.

ஊறவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கார்பன் எஃகுக் கத்தி ஒரு மாலைக்குள் துருப்பிடிக்கும். துணியால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக்கு அடியில் விரித்து வையுங்கள். முழுதாகக் காய்ந்த பின் கத்திக்கும் தட்டுக்கும் உணவுத் தரமான மினரல் ஆயிலை மெல்லிசாகத் தடவி, டிஷ்யூவில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் சில வாரத்தில் பிசுபிசுத்துக் கெட்ட வாடை வரும். தலைப்பகுதியையும் திருகையும் பூட்டி வைக்காமல் பிரித்தே வையுங்கள். பூட்டினால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேறாது.

அரைத்த இறைச்சி துண்டு இறைச்சியைவிட வேகமாகக் கெடும், ஏனென்றால் மேற்பரப்பில் இருந்த கிருமி முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. பிரிஜில் ஒன்றிரண்டு நாள், ஃப்ரீசரில் மூன்று நான்கு மாதம். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பைகளில் போட்டு, தட்டையாக அமுக்கி, காற்றை வெளியேற்றி உறையவைத்தால் சமைக்கும் அன்று அரை மணியில் இளகும். சமைக்கும்போது நடுப்பகுதி ஆட்டிறைச்சிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி தொட வேண்டும். உள்ளே சிவப்பாக விட்ட பர்கர் வீட்டில் வேண்டாம்.

கத்தியைத் தீட்டுவது

வெட்டு மந்தமானால் புதுக் கத்திக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே தீட்டிப் பார்க்கலாம். சமதளமான கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் தண்ணீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டுங்கள். கத்தியின் தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து, நான்கு முனையிலும் ஒரே அழுத்தம் விழும்படி விரலால் பிடித்து, எட்டு எழுதுவது போல் இழுங்கள். பழைய கோடுகள் மறைந்து முகம் முழுதும் ஒரே நிறத்துக்கு வந்ததும் 600 எண் தாளுக்கு மாறி இன்னும் கொஞ்சம். தட்டின் கத்தி உரசும் பக்கத்துக்கும் இதே வேலைதான். கத்தியைத் தீட்டிவிட்டுத் தட்டை விட்டுவிட்டால் பலன் பாதிதான், ஏனென்றால் தட்டில் கத்தி உழுத வட்டப் பள்ளம் அப்படியே இருக்கும்.

பழகப் பழகக் கத்தியும் தட்டும் ஒன்றுக்கொன்று ஏற்றபடி தேய்ந்து உட்காரும். ஒரே கத்தியை மூன்று தட்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் எதோடும் அது சரியாக ஒட்டாது. முடிந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கத்தி வாங்கி, ஜோடி ஜோடியாகச் சுற்றி, மேலே 3, 5, 8 என்று எழுதி வையுங்கள். தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்று திருப்பிப் போட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. அப்படிச் செய்தால் எந்தப் பக்கம் எந்தக் கத்தியோடு பழகியது என்பதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.